பெரியம்மா நீட்டிய கால்

1

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை வேலையிலிருந்து வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஊரிலிருந்து டிரங்கால். என் கணவரின் அண்ணன் பேசினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னோடு நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. தம்பி பெண்டாட்டியிடம் மூத்தவர் முகம் பார்த்துப் பேசுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஆசாரத்துத் தூணைப் பார்த்துச் சொல்வார்; வீட்டு முன்கூடத்தைத்தான் எங்கள் பக்கம் ஆசாரம் என்போம். நான் நிலைப்படியைப் பார்த்துப் பதில் சொல்வேன். தொலைபேசியில் தூணுக்கு எங்கே போவது?

"தம்பி இல்லீங்களா?" என்றார்.

"பேக்டரியில இருக்காருங்க மாமா. வர எட்டு மணி ஆயிரும்."

லைனில் கடல் இரைச்சல் மாதிரி ஒரு சத்தம். பிறகு சொன்னார்: "விசாலு, உங்க அக்கா போயிட்டாம்மா. நேத்துப் பொழுதோட."

அவர் வாயால் என் பெயர் வந்ததைத்தான் முதலில் கவனித்தேன். அக்கா போனது அதற்கப்புறம்தான் மண்டையில் ஏறியது. "புள்ளை நல்லாருக்குதா?" என்று கேட்டார். நல்லாயிருக்குதுங்க என்றேன். லைன் போய்விட்டது.

அக்கா என்றால் அவர் மனைவி நல்லம்மாக்கா, எனக்கு ஓரகத்தி. என் மாமியார் நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அதனால் அந்த வீட்டில் எனக்கு மாமியாரும் அவர்தான், நாத்தனாரும் முக்கால்வாசி அவர்தான்.

என் மகள் சுமதி பள்ளியிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குப் பத்து வயது. காலுறையை உருவிக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டாள்: "யாரு, அந்த உப்பு ஆண்ட்டியா?"

ஆமாம் என்றேன். "பாவம்" என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை மிருகக்காட்சிசாலைக்குப் போக நான் பணம் கட்டிவிட்டேனா என்று கேட்டாள். கட்டிவிட்டேன். சாதம் வைத்தேன், ரசம் வைத்தேன். கணவர் வந்து கேட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அடுத்த நாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன். இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்கள் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குச் சாவு தொலைபேசியில் வருகிறது. பாடையும் இல்லை, பந்தலும் இல்லை, கட்டிப் பிடித்துக்கொண்டு அழ நாலு பெண்களும் இல்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமலே அது கடந்து போய்விடுகிறது.

என் மகளுக்கு அவர் ஏன் உப்பு ஆண்ட்டி ஆனார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

2

நான் சேலத்தில் ரசாயனம் படித்தவள். கல்யாணம் செய்து இங்கிலாந்துக்கு வந்தபிறகு ஒரு ஆஸ்பத்திரி பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரைக்கும் ஊராருடைய மூத்திரத்தைப் பரிசோதிப்பதுதான் வேலை. ஊரார் மூத்திரத்துக்கெல்லாம் கணக்கு வைத்திருந்த எனக்கு, என் மகளுடையது மட்டும் பிடிபடவில்லை. இரண்டரை வயது ஆகியும் நாப்கினோடு திரிந்தாள்.

அதுவரை அவளைப் பார்த்துக்கொண்ட பக்கத்துத் தெரு அம்மாள் மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரியைச் சேர்ந்த நர்சரியில் இடம் இருந்தது. ஆனால் நாப்கின் கட்டிய பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள். பழகிய பிள்ளை என்றால் என்ன அர்த்தம், ஒரு நாள் நனைக்காமல் இருந்தால் போதுமா, ஒரு வாரமா என்று அலுவலகத்தில் கேட்டேன். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். மேலே இருந்தவர் இன்னொரு கட்டடத்துக்குப் போன் செய்தார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: பழகிய பிள்ளை என்றால் பழகிய பிள்ளைதான்.

வீட்டுக்கடன் தலைக்குமேல் நின்றது. வேலையை விட முடியாது. என் கணவர் ஒரு யோசனை சொன்னார். இரண்டு மாத விடுப்பில் நானும் குழந்தையும் ஊருக்குப் போவது. அதற்குள் பழகிவிட்டால் திரும்ப அழைத்து வந்து நர்சரியில் சேர்ப்பது. பழகாவிட்டால் பள்ளிக்கூடம் சேரும் வயது வரைக்கும் அவர் அண்ணியிடமே விட்டுவிட்டு நான் மட்டும் திரும்புவது. இங்கே எங்களுக்குத் தெரிந்த பல வீடுகளில் அப்படித்தான் செய்திருந்தார்கள். அண்ணனிடமும் பேசி முடித்துவிட்டார். "அண்ணிக்கும் ஆறுதலா இருக்கும்" என்றார். நல்லம்மாக்காவுக்குப் பிள்ளை இல்லை.

சரி என்று தலையாட்டினேன். விமானத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டபோது, மடியில் இருக்கிற இவளைத் திரும்பி வரும்போது இப்படி வைத்துக்கொண்டு வருவேனா என்ற நினைப்பு வந்தது. வந்த நினைப்பை அப்படியே மடித்து வைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்தேன்.

3

எங்கள் வீடு நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஒரு தோட்டத்துக்குள் இருக்கிறது. வாசலில் எந்நேரமும் ஒரு லாரி நிற்கும். இன்னொன்று பம்பாய் போயிருக்கும். நாங்கள் போய் இறங்கிய அன்றைக்கே பெட்டி திறக்கும் படலம் தொடங்கிவிட்டது. சீமையிலிருந்து வந்த பெட்டியைத் திறப்பது என்றால் நம் ஊரில் அது ஒரு நோம்பி, பண்டிகை மாதிரி. யார் யாருக்கு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பொருள்கள் கை மாறிவிடும். சோப்பு ஒருத்திக்கு, சென்ட் ஒருத்திக்கு, டார்ச் லைட்டு லாரி டிரைவருக்கு.

பெட்டியின் அடியில் ஒரு சாமான் இருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக், பின்னால் கைப்பிடி, மேலே முயல் படம் போட்ட மூடி. குழந்தைகள் உட்கார்ந்து போவதற்கான சட்டி. இங்கிலாந்து வீட்டில் இருந்ததை விட்டுவிட்டு, பயணத்துக்கென்று அதே கடையில் அதே மாதிரி புதிதாக வாங்கியிருந்தேன். அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

நல்லம்மாக்கா அதைப் பிரித்தெடுத்துக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குங்களா இது? கைப்பிடியெல்லாம் வெச்சு எத்தனை நேர்த்தியாப் பண்ணியிருக்கறான் பாரு!" என்றார். ஆசாரம் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவரின் தங்கை சரசு எடப்பாடியிலிருந்து வந்திருந்தாள். "என்ற கொழுந்தன் மறக்காம குடுத்து உட்டிருக்கறாரு" என்று அக்கா ஒவ்வொருத்தியிடமும் காட்டினார். அக்கா, இது குழந்தை ஆய் போகிற சட்டி என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

தனியாக இருக்கும் நேரம் வாய்ப்பதற்குள் அதில் கல் உப்பு ஏறிவிட்டது. அவருடைய உப்புச் சட்டி விரிசல் விட்டிருந்ததாம். "எவர்சில்வரை உப்பு அரிச்சுப் போடுதுங்க. இதுதான் தோது" என்று அடுப்பு மேடையில் வைத்துவிட்டார். வருகிறவர்களை எல்லாம் சமையலறைக்குள் அழைத்துப்போய்க் காட்டினார். புதுச் சாமான்தானே, ஒரு குற்றமும் இல்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். நாளாக ஆக அதைச் சொல்வது இன்னும் கஷ்டமாகிப்போனது. மூன்று வாரம் அந்த உப்பில் செய்த குழம்பைத்தான் எல்லோரும் சாப்பிட்டோம். முயல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பழக்குவதற்காகப் பகலில் நாப்கின் கட்டாமல் விட்டிருந்தேன்; சுமதி எங்கே நின்றாளோ அங்கே போனாள். வாசலில், நெல் மூட்டை மேல், ஒரு தடவை மூத்தவருடைய வெள்ளை வேட்டியில். அவர் எழுந்து தூணைப் பார்த்து, "புள்ளைக்கு ஊர்த் தண்ணி ஒத்துக்குதாட்டம் இருக்குது" என்று சொல்லிவிட்டு வேட்டி மாற்றப் போனார்.

4

அன்றைக்கு ஆடி நோம்பி. வீட்டில் ஒறம்பரை, உறவுக்காரர் கூட்டம், நிறைந்திருந்தது. ஆண்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தேன். சமையலறையிலிருந்து, "மம்மி, பார்! பார்!" என்று சுமதியின் குரல் கேட்டது.

அடுப்பு மேடை துடைப்பதற்காக யாரோ உப்பை இறக்கித் தரையில் வைத்திருக்கிறார்கள். இவள் பார்த்திருக்கிறாள். இங்கே எங்கள் வீட்டில் தினமும் பார்க்கும் அதே முயல். மூடியைத் திறந்து பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, பாவாடையைத் தூக்கிக்கொண்டு, உப்பின் மேல் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் பெருமை. அவள் பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல் முறையாக, தானாகவே, போக வேண்டிய இடத்தில் போனாள்.

சரசுதான் முதலில் கத்தினாள். "அய்யோ, உப்புல பேஞ்சு போட்டுதே!" என்று ஓடிவந்து குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தாள். சட்டி கவிழ்ந்தது. இன்னும் நாலு பெண்கள் ஓடி வந்தார்கள். உப்பு மகாலட்சுமி என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுமதி பயந்து அலறினாள்.

நல்லம்மாக்கா குழந்தையையும் பார்க்கவில்லை, உப்பையும் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"இது அந்தச் சட்டியா விசாலு?"

"ஆமாங்கக்கா. ஆனா புதுசுங்க. யாரும் தொட்டதுகூட இல்லீங்க."

பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூத்தவர் கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தார். யாரோ ஒரு பெரியவர், "அப்ப இத்தனை நாளு நாம தின்னது..." என்று ஆரம்பித்தார். மூத்தவர் தூணைப் பார்த்து, "புதுசுன்னுதான் சொல்றாங்கல்லோ. சாப்புடுங்க" என்றார். அவர் கவளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் மோருக்குத் தாவினார்கள்.

சட்டி மாட்டுக் கொட்டகைக்குப் போனது. நல்லம்மாக்கா அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. மறுநாள் காலையில் மட்டும் சொன்னார்: "மொதல்லயே சொல்லியிருந்தா நானுஞ் சிரிச்சிருப்பேன். ஊரெல்லாங் கூட்டிக் காட்ட உட்டுட்டியே கண்ணு." ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

5

அன்றிலிருந்து சுமதி அடக்க ஆரம்பித்தாள். ஒண்ணுக்காவது தாங்க முடியாமல் எங்கேயாவது நின்றுகொண்டே போய்விடுவாள். மற்றது போகவே இல்லை. எங்கே உட்கார வைத்தாலும் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். வயிறு கல்லாக இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. என்னுடைய கவலை இரண்டாக இருந்தது. ஒன்று அவள் வயிறு. இன்னொன்று நாள்காட்டி. விடுப்பில் பாதி கழிந்துவிட்டது. இப்படியே போனால் இவளை இங்கேதான் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

யோசனைக்குப் பஞ்சமில்லை. விளக்கெண்ணெய் என்றார்கள். வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தொட்டு வைக்கச் சொன்னார்கள். கண்ணு பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றினார்கள். எல்லாம் செய்தோம். வாசலில் குழந்தையை உட்கார வைத்துச் சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்று "ம், ம்" என்று முக்கிக் காட்டினார்கள். முக்கியவர்களுக்கு வேர்த்தது. இவள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் விடிகாலையில் எழுந்தபோது பாயில் குழந்தை இல்லை. தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். கிணற்றுத் தண்ணீர் நிரப்பும் தொட்டிக்குப் பின்னால் நல்லம்மாக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். சேலையை முழங்கால் வரை ஏற்றிவிட்டு இரண்டு காலையும் நேராக நீட்டியிருந்தார். பாதங்களைக் கொஞ்சம் விரித்து, அவற்றின் மேல் சுமதியை உட்கார வைத்திருந்தார். கைக்குழந்தைகளை நம் பெண்கள் உட்கார வைப்பார்களே, அதே மாதிரி. தலை நிற்காத பிள்ளைக்குச் செய்வதை இரண்டரை வயதுக் கனத்த பிள்ளைக்குச் செய்துகொண்டிருந்தார். சுமதி அவருக்கு எதிர்முகமாக உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கையை நீட்டி, அவருடைய கால் மிஞ்சிகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மெட்டியைத்தான் எங்கள் பக்கம் மிஞ்சி என்போம்.

அக்கா ஒன்றும் முக்கவில்லை. மெதுவாக "ஸ்ஸ்ஸ்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இடையில், "அந்தா பாரு, கொக்கு போவுது. அதும் வெளிக்குத்தாம் போவுது" என்றார். என்னைப் பார்த்ததும் அங்கேயே நில் என்று கண்ணைக் காட்டினார். வெகு நேரம் நின்றேன். வெயில் தொட்டியின் விளிம்பில் ஏறிவிட்டது. அப்புறம் குழந்தையின் முகம் சிவந்தது. அது நடந்தது.

கழுவிவிட்டு நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். அக்கா எழ முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "காலு மரத்துப் போச்சு. கையக் குடு கண்ணு" என்றார். பிடித்துத் தூக்கினேன். முதல் வார்த்தையாக என் வாயில், "தேங்க்ஸ்க்கா" என்று வந்துவிட்டது. இங்கே இருந்து பழகின வாய்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்ற புள்ளைக்கு நாங் கால நீட்டுனதுக்கு நீ எதுக்குத் தேங்க்ஸ் சொல்றே?"

6

தினமும் தொட்டிக்குப் பின்னால் அது நடந்தது. இனி இரவில்கூட நாப்கினைக் கட்ட வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். அரைஞாண் கயிறோடு சுமதி தோட்டமெல்லாம் ஓடினாள். அவசரம் வந்தால் எங்கிருந்தாலும் "பெரிம்மா, காலு!" என்று கத்துவாள். அக்கா கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் போவார். கறவையில் இருந்தால் பாதியில் எழுந்து போவார்.

எனக்கு நிம்மதி வரவில்லை. அவள் பழகியது ஒரு ஆளின் காலில். அந்தக் காலை நான் நர்சரிக்கு எடுத்துப் போக முடியாது. அக்காவுக்கும் இது தெரியாமல் இருக்காது என்று நினைத்தேன். இன்னும் சொல்லப்போனால், வேண்டுமென்றுதான் இப்படிப் பழக்குகிறார் என்று நினைத்தேன். குழந்தைக்கு வளையல் செய்யக் கொடுத்திருந்தார். தன் கட்டிலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டில் போட்டிருந்தார். ஒருநாள் மூத்தவரே தூணிடம் சொன்னார்: "பழகுனாக் கூட்டிட்டுப் போவட்டும். பழகாட்டி இங்கியே இருக்கட்டும். நமக்கென்ன பாரமா?" அக்கா இலையைப் பார்த்துக்கொண்டு குழம்பு ஊற்றினார்.

அதற்கு மறுநாள் அக்கா என்னைக் கேட்டார். "அங்க எப்படி உக்காருவாங்க கண்ணு?"

சொன்னேன். நாற்காலி மாதிரி உயரமாக இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்குத் தரையில் சட்டி வைப்பார்கள் என்றேன்.

"சீய்! நாற்காலி மேலயா?" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப அந்தச் சட்டியிலதான் பழக்கோணும்" என்றார்.

கொட்டகைக்குப் போய் அந்த முயல் சட்டியைத் தேடி எடுத்தார். சாம்பல் போட்டுத் தேய்த்தார். தொட்டிக்குப் பின்னால் வழக்கம்போலக் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களுக்கும் நடுவில் சட்டியை வைத்தார். சுமதி அதைப் பார்த்ததும் வீரிட்டாள். நாலைந்து நாள் கிட்டவே வரவில்லை. அக்கா விடவில்லை. முதலில் சட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பூ மிதக்கவிட்டு விளையாடக் கொடுத்தார். பிறகு காலை அதன்மேல் குறுக்கே போட்டுக் காலில் உட்கார வைத்தார். பிறகு காலை ஒவ்வொன்றாக விலக்கினார். கடைசியில் அவள் சட்டியில் உட்கார்ந்திருந்தாள். அவருடைய பாதங்கள் இரண்டு பக்கமும் சும்மா தொட்டுக்கொண்டிருந்தன. அவள் கை மட்டும் மிஞ்சியில்.

சரசுவுக்குப் பொறுக்கவில்லை. நான் சமையலறையில் இருப்பது தெரியாமல் பின்பக்கம் கேட்டாள்: "ஏனுங்க அண்ணி, உங்களுக்குப் பைத்தியமா? இன்னொரு பத்து நாளு சும்மா உட்டிருந்தீங்கன்னா புள்ளை இங்கியே நின்னுக்குமல்லோ. நீங்களே மெனக்கெட்டுச் சீமைக்குத் தாட்டி உடறீங்களே!"

வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.

"அடக்கி அடக்கிப் புள்ளைக்கு வவுறு கல்லாட்டமா இருந்துச்சு சரசு. அத நாந் தொட்டுப் பாத்தேன். அப்பிடி வெச்சுக்கிட்டு எனக்குப் புள்ளை வேணுமா?" என்றார். "நாளைக்கு அந்த ஊருல ஆருமில்லாம இப்பிடி அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தா அப்ப என்ன பண்ணுவே?"

நான் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்துக்கொண்டே இருந்தேன்.

7

இங்கிலாந்துக்குப் புறப்படும் நாளில் சேலம் ஜங்ஷனுக்குப் போக வாடகை அம்பாசடர் வந்தது. அன்று காலையில் சுமதி தானே சட்டியைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போனாள். அக்கா போய்க் காலை நீட்டினார். முடிந்தது. நான் குழந்தையைக் கழுவித் துடைத்துக் கவுன் போட்டேன். சட்டியைக் கழுவி அட்டைப்பெட்டியில் வைத்தேன்.

அக்கா எழவில்லை.

"வாங்கக்கா, கார் நிக்குது."

"காலு மரத்துப் போச்சு. நீ போ கண்ணு. போயிட்டு வா."

கையை நீட்டினேன். பிடித்துக்கொள்ளவில்லை. "இன்னிக்குச் சித்த நேரம் ஆவும். ரயிலு உட்ருவே, போ" என்றார். சுமதி குனிந்து மிஞ்சியை ஒரு தடவை தொட்டுவிட்டு, காரில் போகும் ஆசையில் வாசலுக்கு ஓடிவிட்டாள்.

எல்லோரும் வாசலில் நின்றார்கள். "மூத்தவ வழியனுப்பக்கூட வரலையே" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். மூத்தவர் காரின் கதவைப் பார்த்து, "பத்தரமாப் போகச் சொல்லுங்க" என்றார்.

கார் தோட்டத்துத் தடத்தில் போய்க் கிணற்று மேட்டில் திரும்பியது. அங்கிருந்து பார்த்தால் வீட்டின் பின்பக்கம் தெரியும். மண் சுவர் மறைக்கிறது என்று நல்லம்மாக்கா தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றுகொண்டிருந்தார். இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நின்றார். கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் காரையே பார்த்தார்.

குழந்தையிடம் அதோ பெரிம்மா என்று காட்டியிருக்கலாம். அவள் முன்சீட்டில் டிரைவரின் ஹாரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காட்டவில்லை. காட்டினால் கார் நிற்க வேண்டியிருக்கும்.

8

நர்சரியில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் சுமதி சட்டியில் உட்கார்ந்துவிட்டு இரண்டு பக்கமும் தரையைத் துழாவினாளாம். என்ன தேடுகிறாள் என்று அங்கே இருந்த அம்மாள் என்னைக் கேட்டாள். கால் தேடுகிறாள் என்றேன். பக்கத்தில் யாராவது காலை நீட்டி உட்கார்ந்தால் போய்விடுவாள் என்றும் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். ஆனால் நல்ல மனுஷி. ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். சுமதி அவள் விரலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இல்லை" என்று தமிழில் சொன்னாளாம். இல்லை என்றால் என்ன என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டாள். சொன்னேன். என் காலிலும் மிஞ்சி கிடையாது. இந்த ஊர் ஷூவுக்குள் அழுத்துகிறது என்று வந்த முதல் குளிர்காலத்திலேயே கழற்றி வைத்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் அவளுக்கு யாருடைய காலும் தேவைப்படவில்லை. இன்னும் கொஞ்ச நாளில், "போ மம்மி, கதவைச் சாத்து" என்றாள். நான் வேலையில் நிலைத்தேன், கடன் அடைந்தது. அதற்கப்புறம் நான்கு பேருமாக ஊருக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் பேசினோம். நான்காவது ஆள் பையன், பிறகு பிறந்தவன். ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. உப்புச் சட்டிக் கதையை மட்டும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சுமதிக்கு அது மட்டும்தான் ஞாபகம், அதுவும் அவள் ஞாபகம் இல்லை, நாங்கள் சொன்னது. தொட்டிக்குப் பின்னால் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு பெரியம்மா இருந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

சனிக்கிழமை காலை கணவர் பையனை நீச்சலுக்கு அழைத்துப் போயிருந்தார். நான் குளியலறையைக் கழுவப் போனேன். பழைய டப்பாவிலிருந்து மிஞ்சியைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். விரல் தடித்துவிட்டது. சோப்பு போட்டுத்தான் ஏறியது. தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டேன். பாதத்தைக் கொஞ்சம் விரித்தேன். இரண்டரை வயதுப் பிள்ளை எவ்வளவு கனம் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரைக்கும் அந்தக் கனத்தை அந்தக் கால் தாங்கியிருக்கிறது.

கதவைத் தட்டிவிட்டுச் சுமதி எட்டிப் பார்த்தாள். "மம்மி? ஏன் தரையில உக்காந்திருக்கே? எந்திரி, எனக்கு அவசரம்" என்றாள் ஆங்கிலத்தில்.

"கால் மரத்துப் போச்சு" என்றேன் தமிழில்.

அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே வந்து கையை நீட்டினாள். என் காலில் புதிதாக ஏதோ மின்னுவதைப் பார்த்துக் குனிந்து, ஒரு விரலால் மிஞ்சியைத் தொட்டாள். "இது என்ன?" என்றாள்.

எனக்குக் கால் மரத்துப்போகவில்லை. நன்றாகத்தான் இருந்தது. எழுந்து நின்றால் முகத்தை அவள் பார்த்துவிடுவாள் என்பதால், இன்னும் சித்த நேரம் ஆகும், நீ கீழே இருக்கும் பாத்ரூமுக்குப் போ கண்ணு என்று சொன்னேன்.